பூ தலையில் வைப்பதற்கு

மாட்டுங்கா மார்க்கெட்டில் மல்லிகைச் சரத்தை இலையில் சுற்றிக் கொடுத்தபடியே பூக்காரி சொன்னாள்: "ஒங்க ஜானகியம்மா வெடியக்காலம் ஆஸ்பத்திரில தவறிட்டாவளாம்மா." எதிர்வீட்டுக்காரியின் சாவு எனக்குக் கடைத்தெருவில் தெரிந்தது. நிமோனியா. நாம் பயந்துகொண்டிருந்த அந்தப் பழைய நோய் அல்ல.

நம் மாதர் சங்கத்தில் ஜானகியின் சிரிப்பைக் கேட்காதவர்கள் கிடையாது. என்னைவிடச் சற்றுப் பெரியவள். 'மாமி' என்றால் சண்டைக்கு வருவாள்.

யுத்த காலத்தில் ஒருநாள் என் இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. என் மாமியார், "பால் கட்டிண்டிருக்கு" என்று முடிவுகட்டினார். பால் வற்ற நம் வீடுகளில் செய்கிற வைத்தியம் தெரிந்ததுதானே? மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். நானும் நிம்மதியாக வளைய வந்தேன்.

ரேஷன் சர்க்கரை கொஞ்சம் கேட்டு வந்த ஜானகி வாசலிலேயே நின்றாள். "ஏண்டி, மல்லி வாசனை ஊரைத் தூக்கறது. தலையில ஒரு பூவக் காணமே?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு போய்விட்டது. "ஒம் பொண்ணு பால் மறந்து எத்தனை காலமாச்சு? இப்ப ஏது பால்?"

என்னைக் குளியலறைக்குள் இழுத்துப்போய்த் தாழிட்டு, தன் ரவிக்கையை அவிழ்த்தாள். வலப்பக்கம் மார்பு இல்லை. நீளமாக ஒரு தழும்பு. முந்தின வருஷம் 'அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்று அவள் வீட்டார் சொன்னதை நம்பி நாமெல்லாம் ரசம் வைத்து அனுப்பினோமே, அது இதுதான்.

"நானும் பூதான் கட்டிண்டு நாளக் கடத்தினேன். நீ கடத்தாதே. பூ தலையில வெச்சுக்கறதுக்குடி."

என் மாமியாரிடம் பேச வேண்டியதைப் பேசி, மறுநாளே ட்ராமில் பரேல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். எனக்கும் மார்பை எடுத்தார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்ததால் பிழைத்தேன் என்றார் டாக்டர். பயத்தில் அவள் கையை நான் நகம் பதிய அழுத்தியிருக்கிறேன். அவள் விடுவித்துக்கொள்ளவே இல்லை.

அடுத்த நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள அவள் வீட்டுக்கு வந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆண்களை வெளியே அனுப்பி, என்னைக் கதவருகே காவல் வைத்தாள். "சுண்டல் அப்புறம். மொதல்ல இதப் பாருங்கோ" என்று கொலுவுக்கு முன்னாலேயே ரவிக்கையை அவிழ்த்தாள். "அம்பாளுக்கு முன்னாடியா?" என்று யாரோ பதறினார்கள்.

"அம்பாளும் பொம்மனாட்டிதானே, அவளும் பாக்கட்டும்."

அதே தழும்பு என் ரவிக்கைக்குள்ளும் இருந்தது. எனக்கு அந்தத் துணிச்சல் ஏழு ஜன்மத்துக்கும் வராது. அவளோ சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொல்லிக்கொண்டுபோனாள்: "மாசாமாசம் தூரம் குளிச்சப்பறம் வர வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக்கறச்சே கைக்கு நன்னாத் தெரியும். கிள்ளிப் பாக்காதேங்கோ. வெரலச் சேத்து வெச்சு மெதுவாத் தடவுங்கோ. அக்குளையும் விடாதேங்கோ. ஏதாவது தட்டுப்பட்டா என்னண்ட வாங்கோ, நான் கூட வரேன்." சிலர் முகம் சுளித்துப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பிறகு சந்தடியில்லாமல் வந்து, அவளோடு பரேலுக்குப் போனதும் எனக்குத் தெரியும்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைகளில் குளித்த கையோடு ஒருத்தி மற்றவள் கதவைத் தட்டி "ஒண்ணும் இல்லே" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. "ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு வரேள்?" என்று என் பெண்கூடக் கேட்டிருக்கிறாள்.

அன்று மார்க்கெட்டில் வாங்கிய சரத்தை ஜானகியின் தலையில்தான் வைத்தேன். என் உயிரே அவள் கொடுத்தது. அதற்குமேல் எதை ஞாபகமாக வைத்துக்கொள்வது? இந்த வெள்ளிக்கிழமையும் எண்ணெய் தேய்த்து, மிச்சமிருக்கிற பக்கத்தை அவள் சொன்னபடி விரல்களைச் சேர்த்துத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதைச் சொல்ல ஈரத்தலையோடு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன்.