அரிசிப் பையில் இருந்த தாள்கள்

டியூஷன் மிஸ்ஸின் பரணிலிருந்து இறங்கிய அந்த அரிசிப் பை இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் வெட்கம் வருகிறது, பிறகுதான் சிரிப்பு வருகிறது.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கிறுக்கலாகக் குறித்துக்கொள்வேன். மாலையில் அதை அழகாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, கிறுக்கலைக் கிழித்துப் போடுவேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மகளின் வீட்டுப்பாடத்தில் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். பள்ளியில் திட்டுவார்களே என்று நானே புது நோட்டில் எழுதிக்கொடுத்தேன். அவள் எழுதியதைக் கிழித்தேன். அப்படியே பத்து வருடம் ஓடியது.

பள்ளித் தேர்வுகளில் தட்டுத் தடுமாறித் தேறி, போன ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவள், முதல் பருவத்தில் மூன்று தாள்களில் தோற்றாள். கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் கொண்டுவந்தால் தேர்வில் கூடுதல் நேரம் தருவோம் என்றது கல்லூரி. சிறு வயதிலிருந்தே குறை இருந்ததற்குச் சான்றாகப் பள்ளி நாள் நோட்டுகளைக் கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். உளவியலாளர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு தப்புகூட இல்லையே சார்" என்றார். "எப்படி மேடம் இருக்கும்? அது எங்கப்பா கையெழுத்து" என்று மகள் சிரித்தாள். "மாட்டிக்கினியாப்பா?" நான் நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடினேன். அவளுக்கான சாட்சியையெல்லாம் நானே கிழித்திருந்தேன்.

அங்கிருந்து நேராக ராயபுரம், பள்ளி நாளில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டியூஷன் மிஸ் வீடு. மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மிஸ், விஷயத்தைக் கேட்டுச் செருப்பைக் கழற்றினார். "இன்னாண்ணா நீ! எனக்கு அப்பவே தெரியும். பத்து வயசுப் பொண்ணு எழுத்து ஹார்பர் ஆபீசர் எழுத்து மாதிரி கீதே!" என்றபடி ஸ்டூலில் ஏறினார். பை தொப்பென்று விழுந்தது. தூசியில் மூவரும் தும்மினோம்.

உள்ளே அவர் வாராவாரம் வைத்த தேர்வுத் தாள்கள், மகளின் சொந்தக் கையெழுத்தில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி போட்டுச் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: எழுத்தில் இரண்டு மார்க், வாயால் கேட்டால் பத்து.

"வாயத் தொறந்தா அத்தனையும் கரீட்டா சொல்லுது. என்னிக்காவது ஒதவும்னு வெச்சுகினு இருந்தேன்."

"என்கிட்ட அப்பவே குடுத்திருக்கலாமே மிஸ்?"

"குடுத்தா? அதையும் காப்பி பண்ணிட்டுக் கிழிச்சிருப்ப!"

அந்தத் தாள்களைப் பார்த்ததும் உளவியலாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. மகளுக்குச் சோதனைகள் வைத்துச் சான்றிதழும் எழுதினார். அடுத்த தேர்வில் அவள்தான் கடைசியாக அறையைவிட்டு வந்தாள், விரலெல்லாம் மையோடு.

இன்று காலை சமையலறையில் ஒரு சீட்டு வைத்திருந்தாள். எல்லாத் தாளிலும் தேறிவிட்டாளாம், மிஸ்ஸிடம் சொல்லப் போகிறாளாம். நாலு வரியில் ஏழு பிழை. என் பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. சீட்டை மடித்து அரிசிப் பைக்குள் போட்டேன்.