நான்காவது புளோக்குக்கு எதிரான மனு

தினேஸ்வரிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மனுவை மாநகர் மன்றத்தில் சேர்க்க வேண்டும். முப்பத்தெட்டுக் கையெழுத்து வந்துவிட்டது. பன்னிரண்டு வீடு பாக்கி.

ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் காட்டை அழித்துக் கட்டிய தாமான், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. தொழிற்சாலையில் இருபது வருஷம் ஷிப்டு பார்த்து வாங்கிய வீட்டை விற்றுவிட்டு, சித்தியவானில் மகளோடு இருக்க நினைத்தாள். பின்புறம் ஏற்கெனவே மூன்று மலிவு விலை அடுக்குமாடிகள். நான்காவதும் வருகிறது என்ற பேச்சு கிளம்பியதும் வீடு பார்க்க வந்தவர்கள் நழுவினார்கள்.

"பணக்காரன் தாமான் பக்கம் ஒண்ணாச்சும் கட்டுறானா? எல்லாத்தையும் நம்ம தலையில கொட்டுறான். போடுங்க அண்ணே கையெழுத்து," என்று கதவு கதவாகத் தட்டினாள்.

புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது. முகவரி அவளுடையது, பெயர் தம்பி சுரேனுடையது. அவன் இன்னும் பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தான்; தோட்டத்து ஆபீஸை மூடியபின் அங்கே தபால் போவதில்லை. மிஞ்சியவர்கள் எந்த விண்ணப்பப் பாரத்திலும் வெளியூர்ச் சொந்தக்காரர் முகவரியைத்தான் எழுதுவார்கள். அரசாங்க முத்திரையைக் கண்டதும் பிரித்துவிட்டாள். நான்காவது புளோக்கில் வீடு பெறுவோர் பட்டியலில் சுரேன்.

உடனே போன் அடித்தாள். "ஏன்டா சொல்லல?"

"பத்து வருஷமா எழுதிப் போடுறேன். கிடைச்சா சொல்லலாம்னு இருந்தேன்."

மனுவைப் பற்றிச் சொன்னதும் சுரேன் சிரித்தான். "நியாயம்தான்லா அக்கா. மூணு புளோக்குக்கும் ஒரே பஸ்ஸு, லிஃப்டும் ஓடல. நானும் கையெழுத்துப் போடுறேன். என் சாவி கைக்கு வந்தப்புறம் கொண்டுபோய்க் குடுங்க."

"வாயப் பாரு!"

"இங்க மழை பேஞ்சா கட்டில் மேல குடை பிடிக்கிறோம்க்கா." இப்போது அவன் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் முஹ்ஸினா வீடு பார்க்க வந்தாள். எல்லாம் பிடித்திருந்தது. சமையலறை ஜன்னலில் நின்றாள்.

"பின்னால இன்னொரு ஃபிளாட் வருதாமே, உண்மையா அக்கா?"

மனு குளிர்சாதனப் பெட்டிமேல் கிடந்தது. நிறுத்திவிடுவோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வரும். வந்தா என் தம்பி குடிவருவான்."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன் அக்கா." கார் தெருமுனை திரும்பிவிட்டது.

எதிர்வீட்டுக் கனகராஜ் வாசல் கேட் அருகே வந்து கத்தினார். "இன்னும் போகலையா? வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஆபீஸ மூடிடுவான்லா!"

தினேஸ்வரி மனுவை எடுத்தாள். முதல் வரியில் இருந்த தன் பெயரை அடித்தாள். மற்ற கையெழுத்துகளை அடிக்க அவளுக்கு உரிமையில்லை.

"நீங்களே கொண்டுபோங்க அண்ணே," என்று நீட்டியவள், மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடினாள். சுரேனின் கடிதத்தை மழைக்கு முன் லயத்தில் சேர்க்க வேண்டும்.