ரோஜாப் பாத்தி ஓரம் அம்மா

"ஒங்கம்மாவ அவ்ளோ தூரம் இட்டுக்கினு போறியே, நாலு பேரு எதிர்ல வெக்கப்படாம நிப்பியாடி?" என்று அத்தை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று ஓர் ஆசிரியை. கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லைகளில் களையெடுத்து என்னைப் படிக்க வைத்த அம்மாவோடு நிற்க எனக்கென்ன வெட்கம்? "போய்ட்டு வந்து சொல்றேன் அத்த" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன்.

வெள்ளைக்காரர் காலத்துப் பூங்காவில் அம்மா சும்மாதான் நடந்தாள். பரந்த புல்தரையைப் பார்த்து, "இவ்ளோ புல்லு, ஒரு மாடு இல்ல பாரு" என்றாள். பிறகு ரோஜாத் தோட்டத்துக்குப் போனோம். ஒரு மஞ்சள் ரோஜாவின் பெயர்ப்பலகையை நான் படித்துவிட்டுத் திரும்பினால், அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, பாத்தி ஓரம் குந்தி, களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கை தானாகப் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளர் அவளைத் தோட்டத்து ஆள் என்றே நினைத்துவிட்டார். என்னிடம் பணிவாக, "ஏனுங் மேடம், போட்டோ எடுக்கறீங்களா? அந்தம்மாவ அக்கட்டால போகச் சொல்லட்டுங்களா?" என்றார்.

'எங்கம்மாங்க' என்ற ஒரு சொல் போதும். நான் சொன்னது, "வேணாங்க, அவங்க வேலைய முடிக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் முகத்தில் அன்று முதன்முதலாக வந்திருந்த நிம்மதியைக் கலைக்க வேண்டாம் என்றா? அல்லது அத்தை சொன்னது பலித்துவிட்டதா? இரண்டும் உண்மை போலவே இருக்கிறது. அம்மா மண்கையோடு எழுந்து வந்து, "இன்னா கேட்டாரு அந்த ஆளு?" என்றாள். "போட்டோ எடுக்கணுமான்னு" என்றேன். "எடுத்தியா?" என்றாள். எடுக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அத்தை கேட்டாள். "எதுக்கு வெக்கப்படணும்?" என்றேன், தலை நிமிர்ந்து. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று தோட்டத்தில் என்ன காதில் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வாரம் மெல்ல, "இன்னொரு தபா போலாமாம்மா?" என்று கேட்டேன். "போலாம். அந்த ஓரம் கொஞ்சம் பாக்கி நிக்குது" என்றாள். நேற்றே டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்று. மூன்றாவது அத்தைக்கு.