அண்ணன் பெயின்ட் உரித்த இரண்டு சக்கரங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தபோதுதான் அண்ணனுக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவர் வேலை செய்த பாத்திரக் கம்பெனியில், அவர் கையாலேயே மெருகேறிய அலுமினிய மூடி அது. ஆவியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம்மா, இதுவும் அலுமினியம், என் வண்டி வீலும் அலுமினியம். இது கண்ணாடியாட்டம் மின்னுது. அதுக்கு மட்டும் எதுக்குக் கறுப்பு பெயின்ட்டு?"

"மொதல்ல சோத்தத் தின்னு," என்றார் அம்மா.

அவசரமாகத் தின்றார். அன்று மாலைக்குள் முன்சக்கரம் தனியே கழன்று, வாசலில் பழைய செய்தித்தாள் மேல் கிடந்தது.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கு, பிறப்பிலிருந்து தொடங்காமல் ஒரு சக்கரத்திலிருந்து தொடங்குவது வியப்பாக இருக்கலாம். அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். பிறப்பும் வளர்ப்பும் நீங்கள் அறிந்தவை. முதலியார்பேட்டையில் பிறந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அப்பா காலமானார். தேர்வு எழுதினார், தேறினார், மேலே படிக்கும் ஆசையை மட்டும் யாரிடமும் சொல்லாமல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தார். பிறகு அந்தக் கம்பெனியில் பஃபிங் வேலை, அதாவது சுழலும் துணிச்சக்கரத்தில் பாத்திரங்களை வைத்து மெருகேற்றும் வேலை. வீட்டுக்கு வரும்போது மூக்குத் துவாரம் வரை கறுப்பாக இருக்கும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் வேதியியல் பட்டப் படிப்பில் சேர்ந்தது அவருடைய பிடிவாதத்தால்தான். "வீட்ல ஒருத்தராவது படிச்சிட்டுப் பேசணும், நான் படிக்காமயே இவ்ளோ பேசறேன்" என்பார்.

கடனுக்கு வாங்காமல், சேர்த்து வைத்து வாங்கிய வண்டி அது. அதன் இரண்டு சக்கரங்களையும் உரித்து முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவி, உப்பி வந்ததைச் சுரண்டினார். பிறகு உலோகம் தேய்க்கும் எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்து, முரடிலிருந்து மெல்லியதுக்குப் படிப்படியாக மாறினார். கடைசியில் கம்பெனியில் அனுமதி வாங்கி, வேலை முடிந்தபின் பஃபிங்கில் கொடுத்தார். சக்கரத்தின் ஆறு கைகளும் மின்னின. கூட வேலை செய்த நண்பர் மூர்த்தி பார்த்துவிட்டு, "இன்னா மச்சான், இதுல முகம் பாத்து ஷேவிங் பண்ணலாம் போலக்குது. மேல லாக்கர் அடிச்சி உட்டுடு, வேல முடிஞ்சிது" என்றார்.

லாக்கர் என்பது உலோகத்தின் மேல் அடிக்கும் கண்ணாடி போன்ற பூச்சு. அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. "லாக்கர்ல ஒரு சின்ன கல்லு பட்டா போதும். அந்த ஓட்டையில உப்புத்தண்ணி பூந்து உள்ளயே பரவும். வெளியேர்ந்து தொடைக்கவும் முடியாது. நம்ம ஊரு காத்துக்குத் தெறந்த மேனிதான் நல்லது. கழுவு, தொட, மெழுவு போடு. நம்ம கைதான் பெயின்ட்டு."

அவர் சொன்னது சரிதான். கடலுக்கு இவ்வளவு அருகில், கவனிக்காமல் விட்ட வெறும் அலுமினியம் பத்து நாளில் மங்கிவிடும். இருபது நாளில் மாவு தூவியது போல வெள்ளை பூக்கும். காற்று பட்டதும் தன்மேல் தானே ஒரு மெல்லிய தோலை வளர்த்துக்கொள்ளும் உலோகம் அது. அந்தத் தோல்தான் அதற்குக் காவல். உப்பு மட்டும் அந்தத் தோலைத் துளைத்துவிடும். இதை நான் வகுப்பில் படித்துவிட்டு வந்து மூச்சு விடாமல் விளக்கியபோது, "அதத்தான் நான் பத்து நாளா சொல்றேன், நீ ஃபீஸ் கட்டிக் கேட்டுட்டு வந்து சொல்ற" என்றார்.

கடற்கரைச் சாலைக்குப் போய்வந்தால், சக்கரத்தின் சூடு ஆறியபின் சாதாரணத் தண்ணீர் ஊற்றுவார். தலைக்குப் போடும் ஷாம்பூ இரண்டு சொட்டு, பழைய பனியன் துணி, வேறொன்றும் கிடையாது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் மகன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு டப்பா மெழுகு தந்தார். டப்பா முழுக்க பிரெஞ்சு. பள்ளியில் நான் படித்த மொழி என்பதால் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார் அண்ணன்.

"ஈரமில்லாத உலோகத்துல, மெல்லிசா தடவி, காஞ்சதும் தொடைக்கணும்னு போட்டிருக்கு."

"புளிய மரத்துக்குக் கீழ வண்டி நிறுத்தினா காக்கா என்னா பண்ணும்னு போட்டிருக்கா பாரு."

"அதெல்லாம் இல்லண்ணா."

"அப்ப முழுசா எழுதல."

இப்படிப்பட்ட அண்ணனின் வண்டிக்கு நான் செய்ததை இனி எழுத வேண்டும். இதை விட்டுவிட்டு வேறெதைப் புகழ்ந்து எழுதினாலும் எனக்கு ஒட்டாது.

அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த ஆயுத பூஜை. கம்பெனியிலும் பூஜை என்பதால், வண்டியை வீட்டில் படையலுக்கு விட்டுவிட்டு மூர்த்தியோடு போய்விட்டார். நான் காலையிலிருந்து புளியும் உப்பும் பிசைந்து குத்துவிளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பித்தளை பளிச்சென்று வந்தது. கையில் புளி மீந்திருந்தது. முன்சக்கரத்தில் லேசாக மங்கல். அமிலம் கறையை எடுக்கும், விளக்குக்கு எடுத்தது சக்கரத்துக்கும் எடுக்காதா? அண்ணன் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று ஆறு கைகளிலும் அப்பினேன். உண்மையாகவே மின்னியது. அதற்குள் அம்மா உள்ளிருந்து, "ராகுகாலம் வந்துடப் போவுதுடி, இன்னும் அங்க இன்னாத்த தேய்க்கிற?" என்று கூப்பிட்டார். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அதன் மேலேயே சந்தனம் வைத்து, பொட்டும் வைத்து, மாலையும் போட்டுவிட்டேன். தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை.

படைத்து முடித்து, பொரி கொடுத்து, எல்லாம் ஓய்ந்த பிறகு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கைகள் நடுவட்டத்தோடு சேரும் மூலைகளில் புளி காய்ந்து நின்றது. அதைச் சுற்றி உலோகம் கறுத்திருந்தது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அமிலம் மட்டுமல்ல, அதில் கைப்பிடி உப்பும் இருந்தது.

"ம்மா, ஒரு சொம்புத் தண்ணி ஊத்திடறேனே."

"படைச்ச வண்டி மேல தண்ணி ஊத்துவாங்களாடி? காத்தால எடுக்கறவரைக்கும் கை வெக்கக் கூடாது."

எங்கள் வீட்டில் பூஜையில் வைத்த கத்தரிக்கோலைக்கூட மறுநாள் வரை யாரும் தொடுவதில்லை. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. உப்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். வாதாடியிருக்கலாம், கேட்காமலேயே ஊற்றியிருக்கலாம். அம்மா சொன்னது ஒரு சாக்காகக் கிடைத்ததும், உள்ளே போய்ப் பொரி தின்றேன்.

மறுநாள் காலை மாலையைக் கழற்றிச் சந்தனத்தைத் துடைத்த அண்ணன் கூப்பிட்டார்.

"ஏய், இதுல இன்னா போட்ட?"

"புளி."

"புளியா? கொழம்பு வெக்கலாம்னு இருந்தியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை வருடினார். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டி நின்றது. இன்னொன்றில் மாட்டியது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

மூன்று வாரம் எமரித் தாளோடு போராடினார். கறுப்பு போயிற்று, ஊசி குத்தியது போன்ற பள்ளங்கள் போகவில்லை. "தேய்க்கத் தேய்க்க வீலு எளைக்கும். ஓடற வண்டி. இதுக்கு மேல எடுக்கக் கூடாது" என்று நிறுத்திக்கொண்டார். பள்ளத்தில் ஈரம் தங்கும் என்பதால் வாரம் ஒருமுறை மெழுகு போடும் பொறுப்பை என்னிடம் தந்தார். தண்டனையாக அல்ல, என்னை மறுபடி வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுவரத்தான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் மூர்த்தி வரும்போதெல்லாம் அண்ணன் என்னை 'புளிச்சாத டாக்டர்' என்று அறிமுகப்படுத்துவார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்கு வாரம் போட்டேன். பிறகு அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை, தானே போட்டுக்கொண்டார்.

மார்கழியில் அண்ணன் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. கீழாநெல்லி, பத்தியம் என்று பத்து நாள் ஓடிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது கல்லீரல் பெரிதும் கெட்டிருந்தது. அம்மா பகலில் இருப்பார், கல்லூரி விட்டதும் நான் போவேன். வண்டி வீட்டு நடையில் அப்படியே நின்றது. ஒரு நாளில் பத்து முறை அதைக் கடந்து போனேன்.

பதினான்காம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார்.

"வீலு தொடச்சியா?"

"தொடச்சேண்ணா."

"மெழுவு?"

"போட்டேன்."

"அந்தப் பள்ளத்துல?"

"அங்கயும்தான்."

"ம். நல்ல பொண்ணு," என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் வீட்டுக்கு வருவதற்குள் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நாளில் நினைவு தப்பியது. ஐந்தாம் நாள் காலை, இருபத்தொன்பதாவது வயதில், அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார். அவரைக் கொண்டுவந்து கிடத்திய நடையில், ஓரமாகத் தள்ளி நிறுத்திய வண்டியின் முன்சக்கரம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் யார் அதைப் பார்த்தார்களோ தெரியாது. நான் பார்த்தேன்.

அம்மாவிடம் இதை எட்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். "அன்னிக்கு நீ தண்ணி ஊத்தறேன்னு கேட்ட, நாந்தான் உடல" என்றார். நான் அதற்காக அழவில்லை, மருத்துவமனையில் சொன்ன பொய்க்காக அழுகிறேன் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. வண்டியைப் பார்க்க அம்மாவால் முடியவில்லை. ஆண்டுத் திதி முடிந்ததும் மூர்த்தியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அண்ணனும் அதைத்தான் விரும்பியிருப்பார். எனக்கு வேண்டியதெல்லாம், அது இந்த வீட்டுப் படியை இறங்குவதற்குள், நான் அவரிடம் சொன்னது ஒரு முறையாவது உண்மையாவதுதான்.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். இரத்தம் வேண்டும் என்றதும் ஷிஃப்ட் உடையோடு வந்து நின்ற கம்பெனித் தோழர்கள் பதினோரு பேர். வாடகையைப் பற்றி வாய் திறக்காத வீட்டுக்காரர் குடும்பம். அம்மா பெஞ்சில் படுத்திருப்பதைப் பார்த்துத் தம் போர்வையைக் கொடுத்த செவிலியர். அண்ணனின் தலைமாட்டில் கடைசிவரை நின்ற மூர்த்தி. காரியத்தன்று அடுப்பை எங்கள் வீட்டில் மூட்டவிடாமல் தங்கள் வீட்டிலிருந்தே சமைத்துக் கொண்டுவந்த தெருக்காரர்கள். உங்களுக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வது என்று அம்மாவைக் கேட்டேன். "வந்தவங்க முகம் எல்லாம் எனக்கு மனப்பாடம்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

பின்சக்கரம் நன்றாக இருக்கிறது. முன்சக்கரத்தில் இதுவரை நான்கு முறை தோற்றிருக்கிறேன். மெழுகு போட்ட எட்டாம், ஒன்பதாம் நாளில் பள்ளங்களில் மறுபடி வெள்ளை. கழுவியபின் ஈரம் அடியில் தங்க, அதன்மேல் நான் மெழுகைப் பூசி மூடிவிடுகிறேன் என்று நினைக்கிறேன். வருகிற ஞாயிறு சக்கரத்தைக் கழற்றி, நல்ல தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளமாகக் கழுவி, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் உலோகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காயவைக்கப் போகிறேன். அந்தச் சூட்டிலேயே, மெழுகைத் துடைப்பக்குச்சி நுனியில் தொட்டு, பள்ளம் பள்ளமாக உருகவிட வேண்டும். பிறகு பத்து நாள் காத்திருந்து பார்ப்பேன்.