அவள் வேண்டாம் என்றபோது

அறுந்த பட்டிழையை முடிந்துகொண்டிருந்ததால் தறி நின்றிருந்தது. அதனால்தான் மாடியில் என் மகன் போனில் பேசியது கேட்டது. பன்னிரண்டாவது படிக்கிறான்.

"யாரு கூட நின்னுக்கினு இருக்கிற? உடனே போட்டோ அனுப்பு."

அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருப்பது எனக்குத் தெரியும். அந்தக் குரல்தான் புதிது. பயமாக இருந்தது.

இறங்கி வந்தவனிடம் கேட்டேன். "எதுக்குப்பா போட்டோ?"

"அவ மேல அக்கறைம்மா."

"அனுப்பலன்னா?"

"கோவம் வரும். பேச மாட்டேன்."

"அப்ப அவ பயந்துக்கினுதானே அனுப்புவா? அது உன் மேல பிரியமாப்பா?"

காதலே கூடாது என்று திட்டுவேன் என எதிர்பார்த்திருப்பான். நான் திட்டவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்தபடி, "அவகிட்ட ஸாரி சொல்றேம்மா" என்றான்.

அடுத்த வாரம் பெரிய காஞ்சிபுரத்தில் டியூஷன் முடிந்து கண் சிவந்து வந்தான்.

"அவளுக்கு நான் வேணாமாம்மா. இனிமே பேசவே வேணாம்னு சொல்லிட்டா."

எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. "நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன். வேற இன்னா சொல்றது? அவ இஷ்டம்தானே."

சொல்லிவிட்டு அழுதான். அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழும்போது இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் அப்போதுதான் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.