பலகை திரும்பிப் பாய்ந்த பிறகு

அலமாரி செய்யும் பட்டறையில் அவரைச் சிங்கம் என்றுதான் கூப்பிட்டார்கள். சுழலும் ரம்பத்துக்கு நாலு விரல் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை அளப்பார். ரம்பம் மரத்தை அறுக்கும்; அவர் பக்கத்தில் நிற்பவரை அறுப்பார்.

ஒருநாள், ரம்பத்துக்கு இணையாக நிற்கும் ஓரத் தடுப்பை ஒட்டித் தள்ளிய பலகை ரம்பத்தின் பின்பற்களில் மாட்டிக்கொண்டது. கண்மூடித் திறப்பதற்குள் அது திரும்பிப் பாய்ந்து, அவர் இடுப்பை உரசிப் பின்சுவரில் போய்க் குத்தியது. சட்டை கிழிந்ததோடு தப்பித்தார்.

அதற்குப்பின் மெஷின் சத்தம் கேட்டாலே பின்வாங்கினார். தலைவலி, முதுகுவலி என்று சாக்குச் சொல்லி, பாலிஷ் போடும் பக்கம் ஒதுங்கினார். அதே பட்டறையில் பலகை ஓரங்களுக்குப் பட்டி ஒட்டும் அவர் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். தூக்கத்தில் அவர் உதறிக்கொண்டு எழுவதை அவள்தானே பார்க்கிறாள்.

புத்தக அலமாரிக்கு ஒரே அகலத்தில் நீளப் பட்டைகள் தேவைப்பட்டன. ரம்பத்தில் அறுக்கும் இன்னொரு ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். முதலாளி இவரைத்தான் ரம்பத்தில் நிற்கச் சொன்னார். நின்றார். உள்ளங்கை வியர்த்துப் பலகை வழுக்கியது.

மனைவி பசைக்கையோடு பக்கத்தில் வந்தாள்.

"அந்தத் தடுப்புகிட்டயே போகாதீங்க. நகருற மேசை மேல பலகைய இறுக்கி வைங்க. பலகை ஓரம் முட்டி நிக்க முன்னால ஒரு முட்டு, பின்னால ஒரு முட்டு. ரெண்டும் பிளேடுலேர்ந்து ஒரே தூரம். அப்புறம் மேசையத் தள்ளினாப் போதும். உங்க கை எதுக்கு அங்க போகணும்?"

"இத்தன வருஷம் அறுத்தவன் நான்."

"சரி, இன்னைக்கு நடுங்கிக்கிட்டே அறுங்க. யாரு பாக்கறா?"

பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நின்று மேசையைத் தள்ளினார். பல் மரத்தைக் கடித்தது. பட்டை வந்தது, அளந்தால் ஒரு முனை மயிரிழை அளவு கூடுதல். பின்முட்டு விலகியிருந்தது. திருத்தினார். மறுபடி சுவிட்சைத் தொடத்தான் நெடுநேரம் ஆயிற்று. அடுத்த பட்டை இரு முனையிலும் ஒரே அளவாக விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பயம் போயிற்றா என்றால், இல்லை. பிறகு எத்தனையோ வருஷம் அப்படியே இரண்டு முட்டு வைத்து அறுத்தார். ஒவ்வொரு தடவையும் இடுப்பு தானாக ஒதுங்கும். மனைவி லீவு போட்ட நாளில் ரம்பத்தைத் தொடமாட்டார். கேட்டால், மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்பார். முதலாளி காது கொடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லையே என்பார். சிங்கத்துக்குக் கேட்டது.