சாமியார் காலில் அட்டை

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில், பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவிய பிறகும் தாம்பாளத் தண்ணீர் குடிக்கலாம் போலிருக்கும். கழுவப்படப் போகிற கால்கள் எல்லாம் வீட்டிலேயே சவுக்காரம் போட்டுத் தேய்க்கப்பட்டு, வெள்ளைக் காலுறைக்குள் பூட்டப்பட்டு வந்தவை. யேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நாள் அது. சீடர்களாக நாற்காலிகளில் அமர்வது வருடந்தோறும் பெரிய கிளாக்கரும் மற்ற உத்தியோகத்தர்களும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளிச் சனங்கள் தரையில், சாக்கின்மேல். பெரிய கிளாக்கர் காலுறையைக் கழற்றுவார். தோலுரித்த அவித்த முட்டைபோல ஒரு பாதம் வெளியே வரும். நாங்கள் எட்டி எட்டிப் பார்ப்போம்.

அந்த வருடம் புதுச் சாமியார். குருத்து ஞாயிறு பூசையின் முடிவில், பன்னிரண்டாவது நாற்காலிக்கு என் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டார். கொழுந்து பறிக்கிறவள், அதிலும் பெண். சுத்தமாக வரட்டும், இல்லாவிட்டால் எழுப்பிவிடுவோம் என்று பெரிய கிளாக்கர் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினார். அப்பா கடைக்குப் போய்ப் புதுச் சவுக்காரம் வாங்கிவந்தார். வியாழன் மாலை அதை என்னிடம் கொடுத்து, தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் அம்மாவுக்காக நிற்கச் சொன்னார். எனக்கு எட்டு வயது. குடும்ப மானம் என் உள்ளங்கையில் மணந்துகொண்டிருந்தது.

மழை. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே வந்த அம்மா பீலியில் முகம் கழுவினாள், கை கழுவினாள், ஈரத்தலையை நிதானமாகச் சீவி முடிந்தாள். பிறகு கோயிலைப் பார்த்து நடந்தாள்.

"அம்மா, காலு?"

"அதத்தான் சாமி கழுவப் போறாரே. ரெண்டு தரம் எதுக்குடி?"

முழங்கால்வரை செம்மண். அட்டை கடித்த இடங்களிலிருந்து ரத்தக் கோடுகள். அப்படியே போய்ப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"எந்திரிச்சுப் போய்க் கழுவிட்டு வா புள்ள," என்றார் பெரிய கிளாக்கர், எல்லோருக்கும் கேட்கும்படி. அம்மா அசையவில்லை. பதினொரு வெள்ளைப் பாதங்களை முடித்துவிட்டு வந்த சாமியார் அவள் முன்னால் முழந்தாளிட்டார்.

"இருக்கட்டும் கிளாக்கர். இப்பத்தான் எனக்கு வேலையே வந்திருக்கு."

தண்ணீர் சிவந்தது. விரலிடுக்கு விரலிடுக்காக அவர் தேய்த்தார். அவர் முதுகுக்கு அப்பால் எதையோ கண்ட அம்மா குனிந்தாள்.

"அசையாதீங்க சாமி. ஒங்க கால்ல அட்ட."

ரோட்டில் மண் சரிந்திருந்ததால், அவர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து தேயிலைச் செடிகளுக்குள் நடந்தே வந்திருந்தார். குதிகாலுக்கு மேலே, கட்டைவிரல் பருமனில், குடித்துக் கொழுத்துத் தொங்கியது அட்டை.

"சவுக்காரத்தக் கொண்டாடி," என்றாள் அம்மா.

இன்னும் கையிலிருந்த சவுக்காரத்தோடு பதினொரு நாற்காலிகளைக் கடந்து நான் போனேன். அம்மா எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். சாமியார் அதில் உட்கார்ந்தார். அவள் முழந்தாளிட்டு, சவுக்காரத்தை நனைத்துத் தேய்த்தாள். அட்டை விழுந்தது. அதே சிவந்த தண்ணீரில் அவர் காலைக் கழுவி, அவர் இடுப்புத் துண்டாலேயே துடைத்தாள். தரையிலிருந்து யாரோ பாட்டை எடுத்தார்கள். அப்புறம் தரை முழுவதும் பாடியது, தகரக் கூரையில் மழை தோற்றது. காலுறை மாட்டக் குனிந்த பெரிய கிளாக்கர் வெகுநேரம் நிமிரவில்லை.

திரும்பும்போது பெண்கள் சூழ, அம்மா தேங்கிய சேற்றிலெல்லாம் சளப் சளப் என்று மிதித்து முன்னால் போனாள். சாமியார் கழுவிய காலை அழுக்காக்குகிறாளே என்று நான் அழுதேன். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்கூட. ஓர் அட்டைக்காக இவர்களுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குக் கோபமாக வந்தது. மீதிச் சவுக்காரத்தை மட்டும் ஒரு பொட்டுச் சேறு படாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.